பொழிமுகத்தில் ஐந்து வீடுகள்

பாசனப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாருக்காவது இந்த ஆறு கிடைக்கும். கிடைத்தவர் முதலில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என்னோடு சேர்ந்தவர்களுக்கு அணையும் பெரிய கால்வாயும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது, காலையில் ஊற்றிலிருந்து கரையோடு நடக்க ஆரம்பித்தால் மத்தியானச் சோற்றுக்குக் கடற்கரை போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிற அளவுக்கு ஒரு ஆறு.

மலை முடிகிற இடத்தில் ஒரு பாறையிடுக்கில் அது பிறக்கிறது. நாலைந்து குளங்கள் நிரம்பி வழிகிற மறுகால் வந்து சேர்ந்த பிறகுதான் ஆறு என்று சொல்லும்படி ஆகும். தென்னந்தோப்புக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவே இறங்கி ஏலாவுக்கு வரும். ஏலா என்றால் வயல்வெளி. வெளி மாவட்டத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏலாவைத் தாண்டியதும் மணல்மேடு குறுக்கே நிற்கும். அங்கே மேற்கே திரும்பி, கடலை ஒட்டி ஒரு சின்னக் காயலாகக் கிடக்கும். காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு மட்டும்தான். வருஷத்தில் பாதி நாள் அது மூடியிருக்கும். மழையில் அது உடைந்து ஆறு கடலில் சேர்கிற வாயைத்தான் பொழி என்கிறோம். தானாக உடையாத வருஷம் நாம் வெட்டிவிட வேண்டும்.

மேலே உள்ளவர்கள் இந்த ஆற்றுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், கடற்கரையில் வேறு பெயர். ஒன்றை எழுதினால் மற்றவருக்கு வருத்தம். அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். எந்த ஆறு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வேலைக்கு வந்த முதல் வருஷம் நான் செய்த தப்பை முதலில் சொல்கிறேன். எடவப்பாதி மழை, அதாவது வைகாசி ஆனியில் வரும் பருவமழை, ஓங்கிப் பெய்தது. கன்னிப்பூ என்கிற முதல் போக நடவு முடிந்திருந்த நேரம். ஏலாவின் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் கட்டி நின்றது. பொழி மூடிக் கிடந்தது. விவசாயிகள் மனு கொடுத்தார்கள். நான் ஆள் விட்டு வெட்டச் சொன்னேன். பதினொரு மணிக்கு ஆறு சலசலவென்று கடலுக்குள் இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அலுவலகம் போய், வேலை முடிந்தது என்று எழுதி வைத்தேன்.

கடல் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. நான் வெட்டிய இடத்துக்கு நாற்பது அடி தள்ளி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஆறு நின்றது. பிறகு திரும்பியது. ஒவ்வொரு அலையும் நான் வெட்டிய வாயை இன்னும் அகலமாக்கிக்கொண்டு உள்ளே வந்தது. காயல் நிறைந்து, வாய்க்கால் வழியாக உப்புத் தண்ணீர் ஏலாவின் கடைசி வயல்களில் ஏறியது.

விஷயம் தெரிந்ததும் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். காரணங்களை அடுக்கி ஒரு பக்கம் நிரப்பிவிட்டேன். என் மேலதிகாரி வந்து அதை வாங்கிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். அன்றும் திட்டவில்லை.

“இது நாளைக்கு எழுதலாம். முதல்ல வயல்காரனைப் போய்ப் பாரு. பார்த்துட்டு வந்து எழுதினா வேற மாதிரி எழுதுவே” என்றார்.

கடைசி வயல் செல்லப்பன் அண்ணாச்சியுடையது. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநாமம் இட்டு, வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நான் போய் நின்றதும் குனிந்து வயல் தண்ணீரை ஒரு கை அள்ளினார். என் பக்கம் நீட்டினார்.

“வாயில வச்சுப் பாருங்கம்மா.”

விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல்.

“இந்த உப்பு போவதுக்கு எத்தனை மழை வேணும்ணு ஒங்க பொஸ்தகத்துல எழுதியிருக்கா?”

“தப்பு எனக்கதாக்கும் அண்ணாச்சி, ஏற்றம் பாக்காம வெட்டிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்து போய்விட்டார். மறுநாள் எழுதிய அறிக்கை மூன்று வரிதான் வந்தது. காரணங்கள் ஒன்றும் மிச்சமில்லை. நிவாரணம் என்று ஏதோ கிடைத்தது. அது அவர் நஷ்டத்துக்குக் காணாது. அந்த வயலில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளையவில்லை. பல வருஷம் என்னைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பாரே தவிரப் பேச மாட்டார்.

இனி அந்தப் பெரிய மழையின் கதைக்கு வருகிறேன். நான் வேறு இடங்களுக்கெல்லாம் மாற்றலாகிப் போய், பதவி உயர்ந்து, மறுபடி இதே ஆற்றுக்கு வந்திருந்தேன். ஐப்பசி மாசம். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நாற்று பிடித்து நின்ற நேரம். மூன்று நாள் விடாத மழை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏலா முழுதும் மூழ்கிவிட்டது, அதை ஒட்டிய பள்ளத்தெருவில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது, பொழி மூடிக் கிடக்கிறது, உடனே வெட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கட்டிய சேலையோடு கொட்டாரம் ஊரிலிருந்து ஜீப்பில் ஏறினேன்.

நான் போய்ச் சேரும்போது மணி எட்டு. ஜேசிபி வந்து நின்றது. விவசாயிகள் ஐம்பது அறுபது பேர் மம்பெட்டியோடு நின்றார்கள். என் கையில் அலுவலக வரைபடம். அதில் பொழி என்று கோடு போட்டிருந்த இடம் கிழக்கு ஓரம். மணல் மிகவும் மெலிந்த இடமும் அதுதான். சீக்கிரம் வெட்டிவிடலாம். ஆனால் அந்தக் கோட்டின் மேலேயே ஐந்து வீடுகள் இருந்தன.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நம் அலமாரியில் திருவிதாங்கூர் காலத்து வரைபடம் ஒன்று, மலையாள எழுத்தில், மடிப்பெல்லாம் கிழிந்து கிடக்கும். எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஆறு கிழக்கு ஓரத்தில்தான் கடலில் விழுந்தது. பிறகு எப்போதோ வாய் அடைபட்டு, ஆறு மேற்கே ஒதுங்கிவிட்டது. காய்ந்த இடத்தில் மீன்பிடிக் குடும்பங்கள் வீடு வைத்தன. நாம் மட்டும் பழைய தாளைப் பார்த்துப் புதிய தாள் வரைந்துகொண்டே வந்தோம்.

ஐந்து வீட்டில் கடைசி வீடு பிலோமினாவினுடையது. மீன் வியாபாரம் செய்கிறவள், என் வயதுதான். கணவர் சவூதியில். மழையில் நனைந்தபடி என்னிடம் வந்தாள்.

“மேடம், இஞ்ச வெட்டப் போறியளா?”

“இன்னும் முடிவு பண்ணல்ல.”

“இது பழைய பொழியாக்கும். மழை பிடிச்சா தரைக்கு அடியில வெள்ளம் ஓடுகது எங்களுக்குக் கேக்கும். இஞ்ச வெட்டினா ஒரு மணிக்கூறுல அம்புடும் இறங்கிரும். எனக்குத் தெரியாம இல்ல. எறங்குங்கண்ணு சொன்னா இறங்குகோம். ஆனா ஒண்ணு கேக்கணும். எங்களை ஆக்கிரமிப்புண்ணு எழுதினது நீங்கதானே?”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு நினைவு வந்தது. முதல் வருஷம், வரைபடத்தையும் இடத்தையும் ஒப்பிட்டபோது ஒரு வரி எழுதியிருந்தேன்: ஆற்றுப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு வீடுகள் ஐந்து. எழுதிய கையோடு மறந்தும் போனேன். அந்த வரி ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, வேறு ஒரு அலுவலகம் வழியாக, அவர்கள் வாசலில் நோட்டீஸாக ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு தடவை இல்லை, பல தடவை. அதோடு சேர்த்து ஒட்டிய என் அறிக்கை நகலின் கீழே இருந்த கையெழுத்தை அவள் படித்து வைத்திருந்தாள்.

“ஆமா, நான்தான்” என்றேன்.

“செரி. தெரிஞ்சுக்கிடதுக்குக் கேட்டேன்.” அவ்வளவுதான் சொன்னாள்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வந்ததும் அதைத்தான் கேட்டேன். இறங்க மத்தியானம் ஆகும் என்று கரையில் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். கிழக்கே வெட்டினால் சீக்கிரம். ஆனால் வாய் அகலும்போது ஐந்து வீடும் போகும். மேற்கே இப்போதைய பொழிப் பக்கம் வெட்டினால் வீடு தப்பும். மணல் தடிமன், நேரம் இரட்டிப்பு. எங்கே வெட்டினாலும் இப்போதே திறந்தால் கடல் உள்ளே வரலாம். காயலில் தண்ணீர் ஏறி நின்றதால், வராமலும் போகலாம். உறுதியாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பள்ளத்தெருவில் தண்ணீர் ஏறுவது மட்டும் உறுதி.

மேலிடத்திலிருந்து போன்.

“வெட்டியாச்சா?”

“இல்ல சார். கடல் ஏறுது. இறங்கட்டும்னு நிக்கிறேன். வாயை மேற்கே மாத்துறேன்.”

“உத்தரவுல கிழக்குன்னு இருக்கு. நேரமும் போட்டிருக்கு. ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?”

“நான்தான் சார்.”

போனை வைத்துவிட்டு விவசாயிகள் நின்ற பக்கம் நடந்தேன்.

விவசாயிகளிடம் சொன்னதும் ஒரு இளைஞன் முன்னால் வந்தான். அவன் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

“இன்னும் எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு நிக்கதுக்கு? அங்க பயிரு முங்கிக் கெடக்கு, தெருவுக்குள்ள வெள்ளம் கேறுது. இஞ்ச ஜேசிபி சும்மா நிக்குது. அஞ்சு வீட்டுக்காக அம்புட்டு ஏலாவும் போவட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே மணலில் மம்பெட்டியை இறக்கினான். பின்னால் நாலைந்து பேர் நகர்ந்தார்கள்.

கூட்டத்துக்குள்ளிருந்து செல்லப்பன் அண்ணாச்சி வந்தார். மீசை நரைத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேராக அவனிடம் போய் மம்பெட்டிக் காம்பைப் பிடித்தார்.

“மக்கா, கீழ வையி. மின்ன உப்பு கேறினது எனக்க வயலுலயாக்கும். வெள்ளத்துல முங்கினா இந்தப் பூ போவும். அடுத்த பூவுக்கு மண்ணு கெடக்கும். உப்பு கேறினா மண்ணே இல்ல. ஏற்றம் இறங்கட்டும்.”

“அதுவரை கையைக் கெட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும்?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தால் அன்று அடி விழுந்திருக்கும், விழ வேண்டியதும்தான். “சும்மா நிக்க வேண்டாம். மேற்கே இப்பமே தோண்டத் தொடங்குவோம். கடல் பக்கம் ஒரு வரம்பை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் வெட்டி வைப்போம். இறங்கத் தொடங்கினதும் அந்த வரம்பை எடுக்க அஞ்சு நிமிஷம் போதும்” என்றேன். “பாதிப் பேரு பள்ளத்தெருவுக்குப் போங்க. முதல்ல ஆளுகளை வெளிய எடுக்கணும்.”

“நெஞ்சளவு வெள்ளத்துல எப்படி எடுக்க?” என்றான் அவன்.

பிலோமினா கேட்டுக்கொண்டு நின்றாள். கடற்கரையைப் பார்த்து நடந்தாள். கால் மணி நேரத்தில் இரண்டு ஃபைபர் வள்ளங்களை, சின்னப் படகுகளை, தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மீன் ஏற்றுகிற மினி லாரியில் வைத்துக் கட்டினார்கள். ஏலாக்காரர்களுக்கும் கடற்கரைக்காரர்களுக்கும் பொழியின் பேரில் எத்தனையோ வருஷத்து மனத்தாங்கல். அன்று அந்த இளைஞன்தான் லாரியில் முன்னால் உட்கார்ந்து பள்ளத்தெருவுக்கு வழி காட்டினான். மத்தியானத்துக்குள் தெருவில் இருந்த எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

இங்கே ஜேசிபியும் மம்பெட்டியுமாக வாய் வெட்டினோம். பிலோமினா கடலோரத்தில் நின்றாள். ஈர மணலின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் இறங்குகிறதா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் இல்லை என்று தலையாட்டினாள். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. அவளே திரும்பிப் பார்த்தாள்.

“இறங்கத் தொடங்கியாச்சு மேடம். இன்னும் கொஞ்சம் பொறுத்துட்டு எடுக்கச் சொல்லுங்க.”

பொறுத்தோம். எடுத்தோம். முதலில் கணுக்கால் அளவு போயிற்று. பிறகு மணல் இரண்டு பக்கமும் பாளம் பாளமாக இடிந்து விழ, ஆறு மொத்தமும் மண் நிறத்தில் கடலுக்குள் பாய்ந்தது. வலை போட்டு வைக்கும் கொட்டகை போயிற்று. நாலு தென்னை போயிற்று. வீடுகள் நின்றன. பொழுது சாயும்போது பள்ளத்தெருவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது.

நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். பள்ளத்தெருவில் இரண்டு மண்சுவர் வீடுகள், நாங்கள் காத்திருந்த நேரத்தில் கரைந்து உட்கார்ந்தன. உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான் ஆறுதல். ஏலாவின் தாழ்ந்த பக்கத்தில் பயிர் அழுகியது. அதில் செல்லப்பன் அண்ணாச்சியின் வயலும் ஒன்று. எட்டு மணிக்கே வெட்டியிருந்தால் கடல் உள்ளே வராமலே இருந்திருக்குமோ என்று இன்றும் யோசிக்கிறேன். அது யாருக்கும் தெரியப்போவதில்லை. உத்தரவை மீறித் தாமதித்ததற்கு விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். பணிப்பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை ஏறியது. ஓய்வு பெறும் வரை அது அங்கேயே இருந்தது.

அண்ணாச்சியைப் பார்க்க வயலுக்குப் போனேன். கேட்டேன், நீங்கள் ஏன் எனக்காகப் பேசினீர்கள் என்று.

“ஒங்களுக்காவப் பேசல்லம்மா. மண்ணுக்காவப் பேசினேன்” என்றார். பிறகு, “அண்ணைக்குத் தப்பு எனக்கதுண்ணு சொன்னியளே. அத நான் மறக்கல்ல” என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இருந்தது.

பிலோமினா அலுவலகத்துக்கே வந்தாள். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு, அழைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அறிக்கை எழுதுவீங்கல்லா?”

“எழுதணும்.”

“ஆத்துக்க எடம்ணு எழுதுங்க. பொய் எழுதச் சொல்லல்ல. ஒருநாள் அது அந்த வழியாத்தான் போவும், தடுக்க முடியாது. ஆனா எங்களுக்கு வேற எடம் குடுக்கணும்ணும் எழுதுங்க. அதே தாளுல எழுதுங்க. ரெண்டு தாளுல எழுதினா ஒண்ணு வந்து சேரும், ஒண்ணு வராது.”

முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்ததில் கோப்பு எப்படி நகரும் என்பதை இவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறு யாருமில்லை. அவள் சொன்னபடியே எழுதினேன். ஒரே பத்தி, நடுவில் முற்றுப்புள்ளிகூட வைக்காமல்: இந்த ஐந்து வீடுகளும் ஆற்றின் பழைய வாயில் இருப்பதாலும், மூன்று தலைமுறையாக வேறு இடமின்றி இவர்கள் இங்கே வாழ்வதாலும், மாற்றிடம் கொடுத்த பிறகே அப்புறப்படுத்தலாம் என்று. பின்னால் ஒரு தடவை, அகற்றுகிற பகுதியை மட்டும் எடுத்து நடவடிக்கைக்கு அனுப்பப் பார்த்தார்கள். அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்க முடியவில்லை. கோப்பு மறுபடி என் மேசைக்கே வந்தது. அப்படியே திருப்பி அனுப்பினேன்.

வருஷங்கள் ஆயின. மேட்டில், கோயிலுக்குப் பின்பக்கம், இடம் கிடைத்தது. மூன்று குடும்பங்கள் போயின. இரண்டு குடும்பங்கள் கடலை விட்டு அவ்வளவு தள்ளிப் போக மாட்டோம் என்று இருந்துவிட்டன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் எத்தனையோ தடவை போய்ப் பேசினேன். எனக்குப் பின் வந்தவர்களையும் போய்ப் பேசச் சொன்னேன். மழை பிடித்தால் முதல் போன் அவர்களுக்குப் போட வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த மழையில், யாரும் வெட்டுவதற்கு முன்னால், ஆறு கிழக்கு ஓரத்தைத் தானே உடைத்துக்கொண்டது. இரண்டு குடும்பங்களும் முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். உங்களுக்கு முன்னமே இந்தப் பிரிவில் இருக்கிற ஒருவர்தான் போன் செய்திருக்கிறார். யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன், சந்தோஷம். அன்று காலை பதினொரு மணிக்கு பிலோமினா என்னைக் கூப்பிட்டாள். பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

“மேடம், ஆறு எனக்க பழைய அடுக்களை வழியாட்டு போவுது” என்றாள். வழியில் ஒரு சொந்தக்காரரைக் கண்டதைச் சொல்வதுபோல இருந்தது. “நான் இஞ்ச மேட்டுல நிண்ணு பாத்துக்கிட்டு நிக்கேன்.”